வளையல் இறுக்கம் என்றார்கள்

என் செல்லத் தங்கச்சி செல்விக்கு,

உன் மகள் தவழ ஆரம்பித்துவிட்டாள். பிறந்தபோது உன்னைப் போலவே அவளுக்கும் ரத்தத்தில் பிளேட்லெட் குறைவாகத்தான் இருந்தது, இப்போது சரியாகிவிட்டது. என்னிடம் இருக்கிற நல்ல செய்தி இது ஒன்றுதான். மற்றதெல்லாம் கோபம்.

உன் மாமியார் இந்தச் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் "கண்ணு பட்டுடுச்சு" என்று அழுகிறாள். நான் பாத்திரம் கழுவுகிற கடைக்கே வந்து அழுதாள். யார் கண்? ரத்தம் உறையத் தேவையான பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போகிறது, திங்கட்கிழமை மறுபடி டெஸ்டுக்கு வா என்று டாக்டர் சொல்லவில்லையா? அன்றைக்குத்தானே உனக்கு வளைகாப்பு வைத்தாள்?

"வளையல் ஏத்துற அன்னைக்கு யாராச்சும் கையில ஊசி குத்துவாங்களா? அடுத்த வாரம் போய்க்கலாம் லா" என்றாள். உன் புருஷன் வாயைத் திறந்தானா? நான் கத்தியபோது நீயுமே, "விடுக்கா, சண்டை வேணாம்" என்று என்னைத்தானே இழுத்தாய்! உன் மேலும் எனக்குக் கோபம்தான். செத்துப்போனால் விட்டுவிடுவேனா?

இரண்டே நாளில் கை முழுக்க நீலம் நீலமாகக் கன்றியது. "வளையல் இறுக்கம்" என்று உன் மாமியார் எண்ணெய் தடவினாள். வளையலே இல்லாத தொடையிலும் கன்றியிருந்ததாமே, என்னிடம் ஏனடி சொல்லவில்லை? அந்த வாரமே வலி வந்தது. பிள்ளை வந்தாள். ரத்தம் நிற்கவில்லை.

இப்போது அந்த வீட்டு இரண்டாவது மருமகள் பிரியாவுக்கு வளைகாப்பு. நேற்று போன் செய்தாள்.

"அக்கா, எனக்கும் பிளேட்லெட் கம்மியாம். நாளன்னைக்கு டெஸ்ட், அன்னைக்கே ஃபங்ஷன். அத்தை டெஸ்டைத் தள்ளிப்போடச் சொல்றாங்க. பயமா இருக்கு."

உன் சாவு வீட்டில் போனை நோண்டிக்கொண்டிருந்தவள்தான். அவளை எனக்குப் பிடிக்காது. ஆனாலும் சொன்னேன்: "டெஸ்ட் அன்னைக்குக் காலையிலேயே ஆங் மோ கியோ எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் வாசல்ல வந்து நில்லு. வரலைன்னா வீட்டுக்கு வந்து இழுத்துட்டுப் போவேன்."

உன் மேல் சத்தியம், செல்வி. முதலில் ஊசி. டாக்டர் போ என்றால்தான் வளைகாப்பு. ரத்தம் எடுத்த இடத்தில் பிளாஸ்டர் ஒட்டிய கையோடு அவளைக் கொண்டுபோய் உட்காரவைப்பேன். உன் மாமியார் அந்தக் கையைப் பிடித்து வளையல் ஏற்றட்டும். நான் எதிரிலேயே உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த,
இன்னும் உன்னோடு சண்டை தீராத
அக்கா மல்லிகா