கிருத்திகைக் காப்பி

கிருத்திகை, செவ்வாய் இரவு.

இந்த டைரி யார் கையில் கிடைத்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், ஒருவரிடமும் காட்டாதீர்கள். விரதம் என்றால் கறாரான என் அத்தையிடம் வேண்டவே வேண்டாம்.

என் பரீட்சைக்காக அம்மா கிருத்திகைதோறும் மறுநாள் விடியும்வரை விரதம் இருக்கிறாள். காப்பி குடித்தால் விரதம் கெடாது என்பதால், பசிக்கும்போதெல்லாம் ஒரு டம்ளர் குடித்தே சமாளித்துவிடுவாள். போன மாதம் கரும்புத் தோட்டத்தில் மயங்கி விழுந்தாள். ரத்தம் குறைவு, காப்பியைக் குறையுங்கள் என்றார் டாக்டர். காப்பியைக் குறைத்தாள். விரதத்தை விடவில்லை.

இன்று மத்தியானம் சமையற்கட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பசின்னா இன்னான்னு இப்பதான்டி தெரியுது" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேழ்வரகு மாவை வெல்லம் போட்டுக் காய்ச்சி, காப்பி டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். அந்த நேரம் பார்த்து அத்தை உள்ளே வந்தாள்.

"இன்னாடி அது?"

"காப்பி அத்தை. இன்னிக்கு இந்த ஒரு டம்ளர்தான்."

"இவ்ளோ கெட்டியாவா?"

"பால் கெட்டி அத்தை."

அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு மடமடவென்று குடித்து முடித்தாள்.

கஞ்சி குடித்தால் விரதம் கெட்டுவிடும். தெரிந்துதான் கொடுத்தேன். முருகா, கோபம் இருந்தால் என் மார்க்கில் கை வை. அம்மாவை மட்டும் ஒன்றும்...

கதவைத் தட்டுகிறார்கள். அத்தையா?

இல்லை, அம்மா. குசுகுசுவென்று கேட்கிறாள். "ஏய், முழிச்சிருக்கியாடி? அந்தக் காப்பி இன்னும் கொஞ்சம் இருக்குதா?"