கமலாசனியின் கையெழுத்து

12.02.2024
காலையில் கமலாசனியின் கிணற்றில் இரண்டு குடம் அள்ளினேன். எங்கள் கிணறு வெட்டின நாளிலிருந்தே சவர். குளிக்கலாம், குடித்தால் வாய் கோணும். அடுத்த வளவில் அவளுடைய கிணறு மட்டும் இளநீர் மாதிரி. “ஒருத்தருக்கும் தெரியாமல் சீனி போடுறியோடி?” என்றேன். “போடுறதெண்டா உன்ர வாயிலதான் போட வேணும்” என்றாள்.

பூநகரிப் பக்கம் தண்ணீர்ப் பவுசர் எப்போது வரும் என்று குடத்தோடு நிற்கிற சனம் எத்தனை. நாங்கள் பத்து வீடு இந்த ஒரு கிணற்றை நம்பி ராசா மாதிரி இருக்கிறோம். வளவுக்குப் பின்னால் கிடக்கிற மணல் திட்டிதான் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறதாம். திட்டிக்கு அந்தப் பக்கம் கடல். “திட்டி போனால் தண்ணியும் போகும்” என்கிறாள் கமலாசனி. நான் நாலாம் வகுப்போடு நின்றவள், எனக்கென்ன தெரியும். குடித்தால் இனிக்கிறது, அவ்வளவுதான்.

25.02.2024
ஆரோ வந்து திட்டியை அளந்துவிட்டுப் போனார்களாம். மண் எடுக்க விடக்கூடாது என்று கமலாசனி வீடு வீடாகச் சொல்லித் திரிகிறாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அவள் ஞாயம் சொல்ல, நான் பகிடி விட. சிரித்த சனமெல்லாம் தலையாட்டியது.

02.03.2024
சங்கக் கூட்டம். கமலாசனி வரவில்லை. யோகநாதன் அண்ணைக்குக் கிளிநொச்சியில் கிளினிக், புருசனும் பெண்சாதியும் முதல் பஸ்ஸில் போய்விட்டார்கள். மூன்று கூட்டம் வராவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். அவளுக்கு இது மூன்றாவது. பெயர் இருக்கிறவர்களுக்குத் தென்னங்கன்று வரப்போகிறது என்ற கதை வேறு.

தேத்தண்ணியும் பணிஸும் வந்த நேரம் ஊர்ச் சங்கச் செயலாளர் பிரதீபன் தாளை அனுப்பினான். கூட்டமென்றால் தாள் வரும், தாள் வந்தால் கையெழுத்து. ஒரு கையில் பணிஸ், மற்றக் கையில் பேனை. எனக்குப் போட்டேன். கீழே அவளுக்கும் போட்டேன். அவளுடைய கையெழுத்தை அவளைவிட நான் வடிவாகப் போடுவேன். ‘க’வுக்கு ஒரு வாலும் இழுத்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் சிரித்துச் சிரித்துத் தேத்தண்ணியைச் சீலையில் ஊற்றிப்போட்டாள்.

03.03.2024
“உன்ர பேர் வெட்டுப்படேல்லை. நான் கையெழுத்து வைச்சிட்டன். தென்னங்கன்றில பாதி எனக்கு” என்றேன். “வாலும் இழுத்திருப்பியே, குரங்கு” என்றாள். ஆறு முருங்கைக்காய் பிடுங்கித் தந்தாள்.

20.05.2024
காலை ஏழு மணிக்குத் திட்டிக்கு மண் அள்ளுகிற பெக்கோ வந்தது. பின்னால் நாலு டிப்பர். ஓடிப்போய் முன்னுக்கு நின்றோம். பிரதீபன் சைக்கிளில் வந்து சேர்ந்தான்.

“என்னக்கா இது, எல்லாரும் சம்மதிச்சுக் கையெழுத்து வைச்சனீங்கள்தானே?”

“எப்பயடா?”

“பணிஸ் சாப்பிட்ட அண்டைக்கு.”

“அது வரவுத் தாளல்லோ!”

“மேல எழுதியிருந்ததை வாசிக்கேல்லையே?”

வாசிக்கவில்லை. நான் எழுத்துக் கூட்டி ஒரு வரி வாசிக்கிறதுக்குள் தேத்தண்ணி ஆறிவிடும். மற்றவர்கள்? எங்களுக்குள் பத்தாம் வகுப்புப் படித்தவர்களும் இருந்தார்கள்தானே. ஒருவரும் வாசிக்கவில்லை. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு விலகினோம்.

கமலாசனி மட்டும், “நான் அண்டைக்கு வரவே இல்லை. என்ர சம்மதம் இல்லாமல் எப்படி?” என்று கத்தினாள். பிறகு அவளுக்கே நினைவு வந்துவிட்டது. என்னைப் பார்த்தாள். நான் பெக்கோவைப் பார்த்தேன்.

23.05.2024
கமலாசனி முறைப்பாட்டுக் கடிதத்தோடு, மண் எடுக்க அனுமதி குடுத்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாள். நானும் வாறன் என்றேன். வேண்டாம் என்றாள். மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கி, என் படலையில் நிற்காமல் நேரே போனாள்.

யோகநாதன் அண்ணைதான் வேலியில் நின்று சொன்னார். அங்கே இருந்த ஐயா தாளை எடுத்துக் காட்டினாராம். நீங்களே கையெழுத்து வைத்துவிட்டு ஏன் இப்போது முறைப்பாடு என்று கேட்டாராம்.

“இவள் ஓம், என்ர கையெழுத்துத்தான் எண்டிட்டு வந்திட்டாள்.”

“ஏன் அண்ணை? இல்லையெண்டு சொல்லியிருக்கலாமே!”

“இல்லையெண்டா, ஆர் வைச்சதெண்டு கேப்பினமல்லோ பிள்ளை.”

24.05.2024
தண்ணீர் அள்ளப் போனேன். ‘க’வின் வாலைப் பற்றி ஒரு பகிடி யோசித்து வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டு வாளியை இறக்கினேன். அவள் துணி அலம்பிக்கொண்டிருந்தாள். “அள்ளிக்கொண்டு போ” என்றாள். அவ்வளவுதான். எடியே, தும்புத்தடியால நாலு அடி போட்டிருக்கலாமேயடி.

02.06.2024
நான் போய்ச் சொல்லத்தான் வேண்டும். கள்ளக் கையெழுத்து நான் போட்டது, அவள் சம்மதிக்கவே இல்லை என்று. இவர் சத்தம் போடுகிறார்: “போனால் உன்னைத்தான் பொலிசில குடுப்பாங்கள். வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு.” முப்பது வருசமாக என் வாயை மூட வைக்க முடியாத மனுசன். இன்று மூடினேன்.

05.06.2024
நாளைக்குப் போறன்.

11.06.2024
பஸ் வரவில்லை. வந்திருந்தால் ஏறியிருப்பேனா?

30.06.2024
வீட்டுக்குள் நின்று பார்த்தாலே இப்போது கடல் தெரிகிறது. முன்பு திட்டி மறைக்கும்.

09.07.2024
போனேன். அந்த ஐயா நல்ல மனிதர், இருக்கக் கதிரை தந்தார். சொன்னேன். “அம்மா, அந்த ஒண்டை வெட்டினாலும் மிச்சம் முப்பத்தெட்டு இருக்கு. மண்ணும் எடுத்து முடியுது” என்றார். பரவாயில்லை, எழுதித்தான் தருவேன் என்று நின்றேன். ஆறு வரி. அரை மணித்தியாலம். வாங்கி, மற்றத் தாள்களோடு கோவையில் வைத்தார்.

பின்னேரம் கமலாசனியிடம் போய்ச் சொன்னேன். சந்தோசப்படுவாள் என்று நினைத்தேனோ? கீரைப் பாத்தியிலிருந்து நிமிர்ந்து கேட்டாள்: “அண்டைக்கு நீ போயிருந்தா வேற கதை. இப்ப ஏனடி போனனீ? உனக்காக நான் சொன்ன பொய்யும் வீணாப் போச்சு.”

நாற்பத்தேழு நாள். எண்ணிப் பார்த்தேன்.

18.08.2024
இவர் தேத்தண்ணியை வாயில் வைத்துவிட்டு, “என்னப்பா, சீனியெண்டு உப்பைப் போட்டிட்டியோ?” என்றார். நான் சிரித்தேன். பிறகு போய்க் குடத்துத் தண்ணீரை நாக்கில் விட்டுப் பார்த்தேன்.

01.09.2024
பவுசர் வாரத்தில் இரண்டு நாள். பத்து வீடும் வரிசை. கமலாசனிக்கு முன்னால் என் குடம் வந்தால் பின்னுக்கு எடுத்து வைக்கிறேன். அவள் திரும்பவும் முன்னுக்கு வைக்கிறாள்.

30.11.2024
பதினொரு நாள் மழை. மாரி வந்தால் தண்ணீர் திரும்பும் என்றுதான் எல்லோரும் பொறுத்திருந்தோம். இன்று கமலாசனி முதல் வாளி அள்ளினாள். ஒரு மிடறு குடித்தாள். வாளியை என்னிடம் நீட்டினாள். குடித்தேன். “பரவாயில்லையடி” என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை முருங்கையடியில் ஊற்றினாள். அதில் இப்போது இலையே இல்லை.

19.01.2025
பொங்கலோடு போகிறார்கள். பூவரசங்குளத்தில் மகள் வீடு. தோட்டமும் கருகி, யோகநாதன் அண்ணையும் ஏலாமல், இங்கே இருந்து என்ன செய்ய?

லாண்ட்மாஸ்டர் மெசின் பெட்டியில் அலுமாரி, கட்டில், குசினிச் சாமான் எல்லாம் ஏற்றிவிட்டோம். கடைசியாகக் கிணற்றுக் கயிறும் வாளியும் கொண்டுவந்து என் கையில் தந்தாள்.

“இது எனக்கு ஏனடி?”

“அங்க குழாய். தென்னங்கன்று வந்தா எனக்குரியதையும் நீயே வாங்கி வை.”

“பாதியோ, முழுக்கவோ?”

சிரித்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு. “குரங்கு” என்றாள். லாண்ட்மாஸ்டர் இரைச்சலில் வேறும் என்னவோ சொன்னாள், கேட்கவில்லை.

22.02.2025
சங்கக் கூட்டம். தென்னங்கன்று வந்துவிட்டது. தேத்தண்ணி, பணிஸ், பிறகு தாள்.

பணிஸைக் கீழே வைத்தேன். தாளின் மேல் வரியில் விரலை வைத்து, எல்லோருக்கும் கேட்க எழுத்துக் கூட்டி வாசித்தேன். “ஜெயரூபியக்கா சோதனை எழுதுறா” என்று ஆரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே வாசித்தேன். வ, ர, வு. வரவு. தாளைத் திருப்பிப் பார்த்தேன், பின்னால் ஒன்றும் இல்லை. இந்த முறை உண்மையிலேயே வரவுதான்.

எனக்குப் போட்டேன். அடுத்த வரியில் கமலாசனியின் பெயரை அச்சடித்திருந்தார்கள்.

“அவாக்கும் வைச்சு விடுங்கோ அக்கா, கன்று வீணாப் போகும்” என்றான் பிரதீபன்.

வாங்கி வை என்று அவளும் சொன்னவள்தான். பேனை அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு எழுதினேன், மெல்ல, ஒவ்வொரு எழுத்தாக: இல்லை.

வால் இழுக்கவில்லை.