புதன்கிழமை லீவு

ஜூலை 21, திங்கள்

இன்று பதினோரு பார்ட்டிகளுக்குப் புடவை விரித்தேன். எல்லாரிடமும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பெண்டாட்டி ஏஞ்சலிடம் பேசியது இரண்டே வார்த்தை: “ரசம் இருக்குதா?” பட்டுக்கடையில் பதினாறு வருட சர்வீஸ். வாய் அங்கேயே தேய்ந்துவிடுகிறது.

ஜூலை 22, செவ்வாய்

ஏஞ்சலை அவள் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலூர் கிளைக்கு மேனேஜராகக் கூப்பிடுகிறார்களாம். ஆகஸ்ட் ஒன்றாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். போனால் அங்கேயே ஹாஸ்டல். ஞாயிறு மட்டும்தான் வருவாள்.

“போகட்டுமா?” என்றாள். “உன் இஷ்டம்” என்றேன், ஏதோ பெரிய மனுஷன் மாதிரி.

“இங்க இருந்து மட்டும் யார்கூட பேசிக்கினு இருக்கேன்?” என்று எழுந்து போய்விட்டாள். வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர்.

போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு புடவையே வேண்டாம் என்று வந்தவளுக்கு நாலு விற்றவன் நான்.

ஜூலை 24, வியாழன்

கடையில் பக்கத்து மெத்தையில் உட்காரும் காஜாவிடம் சொன்னேன். “சென்னைக்குக் கூட்டிக்கினு போ மச்சான். சாப்ட்டுக்கினே பாட்டு கேக்குற ஹோட்டல் இருக்குது. அங்க வச்சி சொல்லு. கடை கதை மட்டும் பேசாத” என்றான்.

என் வார லீவு புதன். ஏஞ்சலிடம் சொன்னதும் காய்ச்சலா என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பீரோவைத் திறந்து எந்தப் புடவை என்று தேட ஆரம்பித்தாள்.

ஜூலை 29, செவ்வாய்

பாத்ரூம் கண்ணாடி முன் ஒத்திகை. ‘போகாதம்மா’ நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். நாலும் ‘வேற கலர் காட்டட்டுமா மேடம்’ மாதிரியே இருக்கிறது.

ஜூலை 31, வியாழன்

நேற்று எழுதவில்லை. எழுதுகிற மாதிரியா நடந்துகொண்டேன்?

நுங்கம்பாக்கத்தில் ஒரு மாடி ஹோட்டல். கிட்டார் வாசிக்கிறவர் ஒருவர், பாடுகிற பெண் ஒருத்தி. ஏஞ்சல் எங்கள் நிச்சயத்துக்கு நான் எடுத்துக் கொடுத்த மயில்கழுத்துப் பட்டைக் கட்டியிருந்தாள். சிரித்தாள். என் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டாள். அரை மணி நேரம் கடையைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. எனக்கே ஆச்சரியம்.

ஒரு சீட்டில் எதையோ எழுதி, பாடுகிற பெண்ணிடம் கொடுக்கச் சொல்லி சர்வரிடம் கொடுத்தாள். என்ன என்றேன். “இரு, தெரியும்” என்றாள். இதுதான் நேரம் என்று தொண்டையைச் செருமினேன்.

அப்போதுதான் அடுத்த டேபிள் அம்மா கேட்டார்: “எக்ஸ்க்யூஸ் மீ, இந்தப் புடவை காஞ்சிபுரமா?”

அவ்வளவுதான். பார்டரைத் தனியாக நெய்து புடவை உடம்போடு கோத்தது மேடம், தொட்டுப் பாருங்க என்று ஆரம்பித்தேன். முந்தானையை இழுத்து, கடையில் செய்கிற மாதிரியே என் தோளில் போட்டுக்கொண்டு, விளக்குப் பக்கம் திரும்பி நின்று ஜரிகையைக் காட்டினேன். புடவைக்குள் என் பெண்டாட்டி இருக்கிறாள் என்பதே நினைவில் இல்லை. இழுத்த இழுப்புக்கு நாற்காலியோடு நகர்ந்து வந்தாள். விசிட்டிங் கார்டு வேறு கொடுத்தேன்.

திரும்பி உட்கார்ந்தபோது எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நம் விற்பனைக்குத்தானோ என்று ஒரு நொடி தோன்றியது. எழுதவே கூசுகிறது.

“இன்னா பாட்டு?” என்றேன்.

“நம்ம நிச்சயத்துல நீ எனக்காகப் பாடுனது. இப்ப உன் பேரைச் சொல்லித்தான் பாடுனாங்க.”

ஊர் வரும்வரை பஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். போகாதே என்று நான் சொல்லவே இல்லை. எந்த மூஞ்சிய வச்சிக்கினு சொல்றது?

ஆகஸ்ட் 1, வெள்ளி

வேலூருக்கு வருகிறேன் என்று ஆபீசுக்குப் பதில் அனுப்பிவிட்டாள்.

ஆகஸ்ட் 9, சனி

அந்த மேடம் கார்டை வைத்துத் தேடிப் பிடித்துக் கடைக்கே வந்துவிட்டார். மூன்று புடவை எடுத்தார். முதலாளி என் முதுகில் தட்டினார். கிளம்பும்போது மேடம் குரலைத் தாழ்த்தி, “உங்க வொய்ஃப் அன்னைக்கு அழுதாங்களே, இப்ப பரவாயில்லையா?” என்றார்.

அடுத்த டேபிள் பொம்பளைக்குத் தெரிஞ்சிருக்குது. பக்கத்துலயே உக்காந்துக்கினு இருந்த எனக்குத் தெரியல. தூ, நானெல்லாம் ஒரு—

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன். “நீ போறது எனக்குப் புடிக்கல, ஏஞ்சல்.”

“பத்து நாள் முன்னாடி சொல்லியிருந்தா ஒத்துக்கினு இருக்க மாட்டேன்” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

“சரி, போ. புதன்கிழமை ஆனா நான் வருவேன்.”

“வந்து?”

“சாப்பிடலாம்.”

அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 20, புதன்

வேலூர் போனேன். சாப்பிட்டோம். “பஸ்ல கூட்டமா?” “ஆமா.” முடிந்தது.

செப்டம்பர் 17, புதன்

ஐந்தாவது புதன். அதே பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஹோட்டல். கிட்டாரும் இல்லை, பாடகியும் இல்லை, தோசைக்கல் சத்தம்தான். ஏஞ்சல் ஆபீசில் நடந்த ஒரு சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் எதிர் டேபிளில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். அரக்குப் பட்டு, கனமான பார்டர், முந்தானை தரையில் புரள்கிறது. எனக்குக் கை பரபரத்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

ஏஞ்சல் பார்த்துவிட்டாள். அந்த அம்மாவைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள்.

“இன்னாபா, காஞ்சிபுரமா அது?”

“தெரியல. இன்னிக்கி லீவு. சண்டைல அப்புறம் இன்னா ஆச்சி?”

சொல்லி முடித்தாள். கை கழுவிவிட்டு வந்து, “அந்தப் பாட்டைப் பாடேன்” என்றாள்.

“இங்கயா?”

“இங்கதான்.”

பாடினேன். சுருதி எங்கோ, நான் எங்கோ. சர்வர் பில்லை வைத்துவிட்டு ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே போனார். ஏஞ்சல் கடைசி வரி வரைக்கும் கேட்டாள்.