மூன்றாவது கட்டளை

இன்று காலை அந்தக் கேள்வி மறுபடி என் திரையில் வந்து நின்றது. கட்டளைகள் அடிக்கும் கறுப்பு ஜன்னலை மூடப் போனேன். உள்ளே இன்னும் ஒரு வேலை ஓடிக்கொண்டிருக்கிறது, மூடினால் அது நின்றுவிடும், மூடலாமா என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்திவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். உள்ளே ஓடியது ஒன்றும் பெரிய விஷயமில்லை. நீ தினமும் காலையில் பார்ப்பாயே, ஓடும் வேலைகளையெல்லாம் காட்டும் அந்த top பட்டியல்தான். அதை நிறுத்தினால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனாலும் இரண்டு வருடமாக என்னால் அந்தக் கேள்விக்கு ஆமாம் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு ஜன்னலுக்குள்ளும் போய், ஓடுவதை முறையாக நிறுத்தி, வெளியேறிய பிறகுதான் மூடுகிறேன்.

ஏன் என்று உனக்குத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவள் நான்தான்.

நாம் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். கடலுக்கு அக்கரையில் பத்து காவான் என்ற ஊரில் அந்தத் தொழிற்சாலைக்கு முன்னால் அப்போது செம்மண்ணும் நாலைந்து செம்பனை மரங்களும்தான். சோதனை எந்திரங்கள் கக்கும் தகவலையெல்லாம் வாங்கி வைக்கும் யூனிக்ஸ் சர்வர்களுக்கு நீயும் நானும்தான் ஆயாக்கள். சூலியா தெருவில் உன் அத்தாவின் நாணய மாற்றுக் கடைக்கு மேல்மாடியிலிருந்து நீ கிளம்பி, தண்ணீர்மலைப் பக்கம் வந்து என்னை ஏற்றிக்கொள்வாய். காரில் எப்போதும் ரொட்டி சானாய்ப் பொட்டலம் இருக்கும், பருப்புக் குழம்பு சீட்டில் ஒழுகியிருக்கும். அந்த வாடையோடுதான் ஒன்பது வருடம் இரண்டாம் பாலத்தைக் கடந்தோம். பாலத்தில் நெரிசல் என்றால் நீ ஹாரன் அடித்தே கடலைக் கலக்கிவிடுவாய். மனிதர்களிடம் உனக்கு ஐந்து நிமிடப் பொறுமை கிடையாது.

ஓடும் வேலைகளிடம் மட்டும் உனக்கு அப்படியொரு பொறுமை. வந்ததும் நுரை ததும்பும் தே தாரிக் டீயை மேசையில் வைத்துவிட்டு top அடிப்பாய். எது எவ்வளவு நினைவகம் தின்கிறது, எது நேற்றிலிருந்து அசையாமல் கிடக்கிறது என்று அந்தப் பட்டியலை ஊர்வம்பு மாதிரி படித்துச் சொல்வாய். ஏதாவது ஒன்று மாட்டிக்கொண்டு அடம்பிடித்தால் நான் உடனே அதைச் சாகடிக்க kill -9 அடிக்கப் போவேன். நீ என் கையைத் தட்டிவிடுவாய். முதலில் ps போட்டு அது யாருடையது என்று பார்ப்பாய். எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது என்று பார்ப்பாய். பிறகு முடித்துக்கொள் என்று சொல்லும் பதினைந்தாம் சமிக்ஞையை அனுப்பிவிட்டு, அது கோப்புகளை மூடிவைத்துத் தானே முடியட்டும் என்று காத்திருப்பாய். ஒன்பது உனக்குக் கடைசி வழி. "ஒம்பது போட்டா அதுக்குக் காதுலயே விழாதுலா. ஒண்ணையும் மூடாம அப்படியே போயிரும். பாவம், ஒரு நிமிஷம் குடேன்," என்பாய்.

எனக்கு அந்த ஒரு நிமிடம் பெரிய எரிச்சல். அவசரத்தில் நான் செய்யும் தப்பு ஒன்று உண்டு, அது உனக்கு நன்றாகத் தெரியும். நெடுநேரம் ஓடவேண்டிய வேலையை நோஹப் போடாமல் தொடங்கிவிடுவேன். கட்டளைக்கு முன்னால் அந்த ஒரு சொல்லைப் போட்டிருந்தால், நாம் எழுந்து போனாலும் வேலை பாட்டுக்கு ஓடும். போடாவிட்டால் அது நம் ஜன்னலோடு கட்டப்பட்டது. இணைப்பு அறுந்தால் வேலையும் செத்துவிடும். மூன்று தடவை என் வேலைகள் அப்படிச் செத்தன. மூன்று தடவையும் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

இருவரில் ஒருவர் எப்போதும் தொழிற்சாலையில் இருக்கவேண்டும் என்பது விதி. தைப்பூசத்துக்கு நான் மலையேற நீ இருந்தாய். ஹரி ராயா பெருநாளுக்கு நீ பிரியாணி தின்ன நான் இருந்தேன். உனக்கு நோய் வந்து நீ நீண்ட விடுப்பில் போனபோது உன் இடத்துக்கு யாரையும் போடவில்லை. இருவரில் ஒருவர் என்பது நான் மட்டும் என்றானது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஆஸ்பத்திரிக்கு வந்து உன் கட்டிலில் உட்கார்ந்து சர்வர் வம்பு பேசிவிட்டுப் போனேன்.

அந்தப் புதன்கிழமை காலை எட்டு மணிக்கு, சாகக் கிடந்த பழைய வட்டிலிருந்து ஒன்பது வருடத் தகவலைப் புதிய சர்வருக்கு மாற்றத் தொடங்கினேன். ஒவ்வோர் அடைவாக, அதற்குள் இருக்கும் கோப்புகளை நகலெடுத்து, பழையதை அழித்துக்கொண்டே போகும்படி நானே எழுதிய நிரல். நடுவில் நின்றால் எது போனது, எது தங்கியது என்று பிரிக்கவே ஒரு வாரம் ஆகும். முடிய மாலை ஏழு மணியாகும். பத்து மணிக்குத்தான் கவனித்தேன், நோஹப் போடவில்லை. பத்து நிமிடம் யாரும் தொடாமல் இருந்தால் இணைப்பைத் துண்டித்துவிடும் பாதுகாப்பு விதி வேறு அந்த மாதம்தான் வந்திருந்தது; எப்படிப் போகிறதென்று பார்க்க அதுவரை அடிக்கடி பொத்தானைத் தட்டிக்கொண்டிருந்ததால்தான் பிழைத்தேன். அதனால் சில நிமிடத்துக்கு ஒருமுறை என்டர் பொத்தானை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். கழிப்பறைக்குக் கூட ஓடிப்போய் ஓடிவந்தேன்.

இரண்டு மணிக்கு, உன்னை லாத்தா என்று கூப்பிடும் உன் தம்பி போன் செய்தான். "அக்கா, லாத்தா ஒங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க. டாக்டர் இன்னிக்கே பாத்துருங்கன்னு சொல்றாரு," என்றான். போனை உன் காதில் வைத்தான். உன் குரல் தூரத்தில் கேட்டது. எப்போது வருகிறாய் என்று கேட்டாய்.

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பக்கத்து மேசையில் கொள்முதல் பார்க்கும் அண்ணன் இருந்தார், பொத்தானை அழுத்தச் சொல்லி அவரை உட்காரவைத்திருக்கலாம். வெட்கமாக இருந்தது. ஒன்பது வருடம் வேலை பார்த்தவள் நேற்றுச் சேர்ந்தவள் போல மாட்டிக்கொண்டேன் என்று அவரிடம் சொல்லக் கூச்சம். உன்னிடம் சொல்ல அதைவிடக் கூச்சம். நாலாவது தடவையும் சிரிக்கப்போகிறாள் என்றுதான், இன்றைக்கும் எழுதக் கை கூசுகிறது, அதை நினைத்துத்தான் சொன்னேன்: "முக்கியமான மீட்டிங்டி. முடிஞ்சதும் வந்துர்றேன்."

"பரவால்லலா. முடிச்சிட்டு வா," என்றாய்.

ஐந்தரைக்கு உன் தம்பி மறுபடி கூப்பிட்டான். அழுதுகொண்டே இருந்தான். போனைக் கீழே வைத்துவிட்டு நான் என்டரை அழுத்தினேன். யாரிடமும் இதைச் சொன்னதில்லை. நீ போய்விட்டாய் என்று கேட்ட கையோடு அந்தப் பொத்தானை அழுத்தினேன். அதற்குப் பிறகு அவசரம் எதுவும் இல்லையே என்று ஏழு மணிவரை அழுத்திக்கொண்டே இருந்தேன். மறுநாள் காலை ஜனாஸாவுக்கு, கடைசியாக உன்னைப் பார்க்க வந்தேன். உன் உம்மா என்னைக் கட்டிக்கொண்டு, மீட்டிங்கில் மாட்டிக்கொண்டாயாமே என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து உன் கணக்கை நீக்கச் சொன்னார்கள். நீக்குமுன் உன் பெயரில் ஏதாவது ஓடுகிறதா என்று ps போட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் விடுப்பில் போயிருந்தாய். உன் அடைவில் குறிப்புகள் என்று ஒரு கோப்பு இருந்தது. அதன் கடைசியில் மூன்று வரிகள். கன்ட்ரோல் இஸட் அழுத்தி வேலையைச் சற்று நிறுத்து. bg அடித்துப் பின்னணியில் ஓடவிடு. disown அடித்து அதை ஜன்னலிலிருந்து கழற்றிவிடு. பிறகு எழுந்து போகலாம், வேலை சாகாது. முதல் இரண்டும் எனக்கும் தெரியும். மூன்றாவது தெரியாது. அப்படி ஒன்று இருக்குமா என்று தேடிப் பார்க்கக் கூட அன்று எனக்குத் தோன்றவில்லை. அதற்குக் கீழே ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியிருந்தாய்: "அவளுக்குச் சொல்லணும். நோஹப் இன்னும் மறந்துக்கிட்டே இருக்கா."

இன்று மத்தியானம் அதே கொள்முதல் அண்ணன், தன் அறிக்கை வேலையை நம் சர்வரில் ஓடவிட்டுவிட்டு, எழுந்தால் இணைப்பு அறுந்துவிடும் என்று திரையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவருடைய மகள் பள்ளியில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று மனைவி போனில் சொல்வது எனக்கே கேட்டது. "மீட்டிங்லா, ஒரு மணி நேரத்துல வர்றேன்," என்றார் அவர். அந்தச் சொல் காதில் விழுந்ததும் எழுந்து போய் அவருடைய விசைப்பலகையை என் பக்கம் இழுத்தேன். மூன்று வரி. பத்து வினாடி கூட ஆகவில்லை.

"போங்கண்ணே. இனி இதுக்கு நீங்க தேவையில்ல."

நம்பாமல் பார்த்தார். இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டார். "தெரியாம ஒரு நாள் இங்கயே உக்காந்திருந்தேன்," என்றேன். கார் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

நல்ல காரியம் செய்துவிட்டேன், மனது லேசாகும் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை. அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து ps போட்டுப் பார்த்தேன். அவர் இல்லாமலே அந்த வேலை சரியாக ஓடிக்கொண்டிருந்தது. அப்போதும் என் சுட்டுவிரல் மேசையின் மரத்தை ஒருமுறை அழுத்தியது. பாலத்தில் கார் ஓட்டும்போதும், கோயில் வரிசையில் நிற்கும்போதும், சில நிமிடத்துக்கு ஒருமுறை அது இப்படி எதையாவது அழுத்துகிறது. நிறுத்தத் தெரியவில்லை.

அன்று மீட்டிங் எதுவும் இல்லைடி. மறுபடியும் நோஹப் போட மறந்துவிட்டேன், அவ்வளவுதான். சொல்லியிருந்தால் அந்த மூச்சிரைப்பிலும் நீ சிரித்திருப்பாய். சிரித்துவிட்டு அந்த மூன்றாவது கட்டளையைச் சொல்லியிருப்பாய். மூன்றரை மணிக்கெல்லாம் நான் உன் கட்டிலில் வந்து உட்கார்ந்திருப்பேன்.