இரண்டாம் ஓலைக்கு முன்

குன்னூர்,
வியாழக்கிழமை

அன்பு மகள் கெஸியாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உடம்பு சுகம்தான், வீடுதான் சுகமில்லை. அயர்லாந்துக் குளிரில் டியூட்டி முடிந்து வந்து சாப்பிட்டாயோ இல்லையோ தெரியவில்லை. நான்கு நாளாக நீ போனை எடுக்கவில்லை. அம்மாவுக்கு மட்டும் நல்லா இருக்கேன் என்று ஒரு வரி அனுப்பியிருக்கிறாய், எனக்கு அதுவும் இல்லை. அதனால்தான் பழைய வழக்கப்படி எழுதி, அம்மாவின் போனில் படம் பிடித்து அனுப்பப்போகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், டீ பாக்டரியில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த கை.

இங்கே மழை விட்டபாடில்லை. காட்டெருமை ஒன்று வந்து அம்மாவின் முட்டைக்கோஸ் பாத்தியை மிதித்துத் துவைத்துவிட்டது. வேறு நாளாக இருந்தால் அந்த எருமையையும் என்னையும் சேர்த்தே திட்டியிருப்பாள். இப்போது தட்டை வைத்துவிட்டுப் பேசாமல் அந்தப் பக்கம் போய்விடுகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு ஆராதனையில் ஆயர் உன் பெயரையும் டெனின் பெயரையும் சேர்த்து முதல் கல்யாண ஓலை வாசித்தார். மூன்று ஞாயிறு வாசித்து யாரும் தடை சொல்லாவிட்டால் கல்யாணம் உறுதி, இது உனக்குத் தெரியாததல்ல. நம் சபையில் யாரும் தடை சொல்லி நான் பார்த்ததும் இல்லை. எல்லோரும் வந்து கை குலுக்கினார்கள், நானே மாப்பிள்ளை மாதிரி நின்றேன். மத்தியானம் உனக்குச் சொன்னபோது வாசிச்சாச்சா என்று ஒரே வார்த்தை கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாய். எனக்குக் கோபம்தான் வந்தது. உங்க இஷ்டம்ப்பா என்று நீ சொன்னதை வைத்துத்தானே ஆயரிடம் பெயர் கொடுத்தேன் என்று அம்மாவிடம் கத்தினேன். அவள் திரும்பிப் பார்த்து, "எங்கப்பாவும் என்னைப் பத்தி இதையேதான் சொன்னாருங்க. எனக்கு உங்களைப் பிடிச்சது கல்யாணமாகி நாலு வருசம் கழிச்சு. அந்த நாலு வருசம் நான் எப்படி இருந்தேன்னு நீங்க ஒரு நாளும் கேக்கலை" என்றாள். அதோடு பேச்சை நிறுத்தியவள்தான். எங்கள் கல்யாணத்தை ஊருக்கே உதாரணம் சொல்லித் திரிந்தவன் நான். நான் சந்தோஷமாக இருந்தேன், அவளும் அப்படித்தான் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். முப்பது வருஷம் கழித்து அதைக் கேட்க வெட்கமாக இருக்கிறது கண்ணு.

நேற்று டெனின் கூடலூரிலிருந்து மழையில் பஸ் ஏறி பாக்டரி கேட்டுக்கே வந்துவிட்டான். பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு போட்டானாம். "அங்கிள், அவங்களுக்கு என்னைப் பிடிக்கலைன்னாலும் சரி, வேற யாராச்சும் மனசுல இருந்தாலும் சரி, நான் தப்பா எடுக்க மாட்டேனுங்க. கேட்டா அப்பா மனசு நோகக் கூடாதுன்னு மட்டும் சொல்றாங்க. அப்படி வர்றவங்களோட நான் எப்படிங்க குடும்பம் நடத்தறது" என்றான். கொடுத்த டீயில் பாதியைக் குடித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினான். நல்ல பையன்தான். நல்ல பையன் என்பதாலேயே நீ வாய் திறக்காமல் இருந்துவிடுவாயோ என்று இப்போது பயமாக இருக்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றைக்கு போனில் நீ உங்க இஷ்டம்ப்பா என்று சொல்லிவிட்டு, ஆனா, என்று இழுத்தாய். சிக்னல் இல்லை என்று நான் வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. மேலே கேட்டால் கல்யாணம் நின்றுவிடும், உனக்கும் இருபத்தொன்பது ஆகிறது என்று பயந்து, குடையை எடுத்துக்கொண்டு நேரே ஆயர் வீட்டுக்கு நடந்தேன். அம்மாவுக்கு இது தெரியாது. இதைப் படம் பிடிக்கும்போது படித்துவிடுவாள், படிக்கட்டும்.

இப்போது கேட்கிறேன், என்ன சொல்ல வந்தாய்? வேறு பையன் என்றால் பெயரைச் சொல். நான் கத்துவேன், ஒரு வாரம் கத்துவேன், பிறகு அவனைப் பார்க்கக் கிளம்புவேன். கல்யாணமே இப்போது வேண்டாம் என்றாலும் சொல். டெனின்தான் என்றால் அவனிடம் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிடு. உன் வேலையை விடச் சொல்வானா, அங்கே வருவானா, பசியோடு இருக்கும்போது எப்படிப் பேசுவான், அவன் அம்மாவுக்கும் உனக்கும் ஒத்துவராதபோது என்ன செய்வான். கத்துகிறவனோடு எப்படியோ காலம் தள்ளிவிடலாம், கேட்காதவனோடு இருப்பதுதான் கஷ்டம். நான் இரண்டுமாக இருந்திருக்கிறேன், அம்மா காலம் தள்ளியிருக்கிறாள்.

கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதே. இந்த ஞாயிறு ஒன்பது மணி ஆராதனையில் இரண்டாம் ஓலை, மறக்காதே. சரி என்றால் அதை வாய்விட்டுச் சொல். வேண்டாம் என்றால் ஆயர் வீட்டுக்கு ரகசியமாகப் போய் நிறுத்த மாட்டேன். பெயர் கொடுத்தவன் நான், தடை உண்டா என்று அவர் கேட்கும்போது சபை நடுவே நானே எழுந்து சொல்கிறேன். நீ ஒன்றும் சொல்லாமல் இருந்தாலும் எழுந்து நிற்பேன். உன் மௌனத்தைச் சம்மதம் என்று இன்னொரு தடவை எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஹெர்பர்ட்