நாற்பத்தெட்டில் நிறுத்தியவள்

மார்ச் 3, திங்கள்

இன்று என் மேஜைக்கு இரண்டு சிடி டிரைவ் வந்து சேர்ந்தன. உடம்பு இரண்டுக்கும் ஒன்றுதான். அதே மோட்டார், அதே லென்ஸ், அதே ட்ரே. உள்ளே ஓடுகிற புரோகிராம் மட்டும் வேறு வேறு. ஒன்றை எழுதியவர் ஐம்பத்திரண்டு. பாட்டு சிடி பாடுகிற வேகத்தைப் போல ஐம்பத்திரண்டு மடங்கு வேகத்தில் படிக்காத டிரைவ் டிரைவே இல்லை என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, அவருடைய சொந்தப் பெயரே ஆபீசில் மறந்துபோய்விட்டது. இன்னொன்றை எழுதியவள் என் ஓரகத்தி. என் கொழுந்தன் பெண்டாட்டி. வீட்டில் எல்லாருக்கும் அவள் சின்னவள்.

ஒரே அடுப்பில் சமைக்கிறோம், ஒரே பஸ்ஸில் ஏறுகிறோம். ஆபீஸ் போனதும் அவள் எழுதுவாள், நான் சோதித்துக் குறை சொல்வேன். வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான் என்பார் இவர், என் வீட்டுக்காரர். இரண்டில் ஒரு டிரைவ்தான் தொழிற்சாலைக்குப் போகும்.

மேனேஜரிடம் காலையிலேயே சொல்லிப் பார்த்தேன். "சார், இதை வேற யாருக்காவது குடுங்க. நாங்க ஒரே வீடு."

"அதனாலதான் உங்ககிட்ட குடுக்கறேன். நீங்களே ஃபெயில் போட்டா அவங்களால வாயே திறக்க முடியாது பாருங்க" என்று சிரித்தார்.

மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மேனேஜரிடம் காட்ட முடியுமா? டீயை ஒரே மூச்சில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டதுதான் மிச்சம்.

மார்ச் 5, புதன்

பஸ்ஸில் சின்னவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாக இருந்தால் ஏறினதிலிருந்து இறங்குகிறவரை நச்சரித்திருப்பேன். இவள் பாட்டுக்கு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வருகிறாள். திமிரா, அடக்கமா? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், பிடிபடவே இல்லை.

மார்ச் 6, வியாழன்

சோதனை முடிந்தது. வழக்கமான சோதனை சிடிதான், ஓரம் வரை நிரம்பியது. நடுவிலிருந்து படிக்கத் தொடங்கி வெளிப்பக்கம் போகப்போக வேகம் ஏறும். திரையில் கோடு மேலே மேலே போகும். ஐம்பத்திரண்டின் டிரைவ் சொன்ன வாக்குத் தவறாமல் கடைசி ஓரத்தில் ஐம்பத்திரண்டைத் தொட்டது. சின்னவளுடையது நாற்பத்தெட்டில் போய் நின்றது. அப்புறம் தலைகீழாக நின்றாலும் ஏறவில்லை. தேற வேண்டுமென்றால் ஐம்பது வேண்டும்.

கேபிளை மாற்றினேன். கம்ப்யூட்டரை மாற்றினேன். நாற்பத்தெட்டு, நாற்பத்தெட்டு, நாற்பத்தெட்டு.

வீட்டுக்கு வந்ததும் இவர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். கொழுந்தனுக்கு வெளியூரில் பெரிய கட்டட வேலை கிடைத்துப் போய் ஏழெட்டு மாதம் ஆகிறதே, இவள் ஏன் கூடப் போகவில்லை என்று எனக்கு ஒரு யோசனை உண்டு. இரண்டு பேரும் ஒரு பேச்சு வைத்துக்கொண்டிருக்கிறார்களாம். இந்த டிரைவ் தேறினால் இவள் இங்கேயே வேலையில் இருப்பாள். தேறாவிட்டால் வேலையை விட்டுவிட்டு அவனோடு போய்விடுவாள். அந்த ஊரில் இந்த வேலை கிடையாது.

"எனக்கு ஏன் சொல்லலை?"

"உனக்குச் சொன்னா உன் டெஸ்ட்டு வளைஞ்சிடும்னு அவதாம்மா சொல்ல வேண்டாம்னா."

என் டெஸ்ட் வளையுமா! என்னை என்னவென்று நினைத்துக்கொண்டாள்? ...வளைந்திருக்குமோ?

மார்ச் 7, வெள்ளி

தேறவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 8, சனி

மனசில் வைத்துக்கொள்ள எனக்கு வராது. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "இங்க பாரு, உன் டிரைவ் ஃபெயில். நான்தான் போட்டேன். திட்டறதுன்னா இப்பவே திட்டிடு."

"நாற்பத்தெட்டா வந்துச்சு?"

"தெரியுமா உனக்கு?"

"நான்தானேக்கா அங்க நிறுத்தினேன்."

தெரிந்தே செய்திருக்கிறாள்! என்ன கத்து கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. வாழ்க்கையே அதுல தொங்குது, நீ பாட்டுக்கு நாற்பத்தெட்டுல நிறுத்துவியா, அந்த ரெண்டு படி ஏறினா உனக்கு என்ன குறைஞ்சா போயிடும், பைத்தியமாடி நீ?

ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கழுவின தட்டு ஒன்றை எடுத்து என் முன்னால் பிடித்தாள்.

"அக்கா, சாப்பாட்டைத் தட்டுல எங்க வைப்பீங்க?"

"நடுவுல."

"ஓரத்துல?"

"ஓரத்துல யாராவது வைப்பாங்களா?"

"சிடியும் அப்படித்தான். எழுதறது நடுவுலேருந்து. பாதி நிரம்பறதுக்குள்ள எல்லாரும் எழுதி முடிச்சிடறாங்க. ஐம்பத்திரண்டு வர்றது கடைசி ஓரத்துல. அங்க யாரும் எதுவும் வெக்கறதே இல்ல. அந்த வேகத்துக்குச் சுத்தவிட்டா மோட்டார் தயாராகவே நேரமாகுது, சிடியும் ஆடுது. நான் அதை விட்டுட்டேன். ட்ரே மூடினதுமே, சுத்தச் சுத்தவே படிக்க ஆரம்பிச்சுடும்."

இவ்வளவு பேச்சு இவள் வாயிலிருந்து ஒரேயடியாக வந்து நான் கேட்டதே இல்லை. "இதை மேனேஜர்கிட்ட சொன்னியா?" என்றேன். சொன்னாளாம். அட்டைப்பெட்டி மேல் இதை எப்படி அச்சடிப்பது என்று கேட்டாராம்.

மார்ச் 10, திங்கள்

எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன், அது என் பிழைப்பு. ஆபீஸ் முழுக்கச் சுற்றி ஆளாளுக்கு வைத்திருந்த சிடியை வாங்கி வந்தேன். கணக்குப் பிரிவு, ரிசப்ஷன் பெண், கேன்டீன்காரர் பாட்டு வைத்திருந்தது, வாட்ச்மேன் மகள் பரீட்சைக்குப் படிக்கிறது. சிடியைத் திருப்பிப் பிடித்தால் எழுதின இடம் கொஞ்சம் நிறம் மாறித் தெரியும். இத்தனை வருஷம் கையில் பிடித்திருக்கிறேன், திருப்பிப் பார்க்கத் தோன்றினதே இல்லை! எல்லாவற்றிலும் அந்த வளையம் பாதியில் நின்றுபோகிறது. சிலதில் கால்வாசிகூட இல்லை. கேன்டீன்காரர் சிடி ஒன்றுதான் ஓரம் தொட்டது. அவர் எதையும் வீணாக்காத ஆள்.

திரையில் ஏறுகிற கோட்டைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு ஸ்டாப்வாட்சை எடுத்தேன். ட்ரே மூடினதிலிருந்து முதல் ஃபைல் திரையில் வருகிறவரை. ஐம்பத்திரண்டின் டிரைவ் சர்ரென்று விமானம் கிளம்புகிற மாதிரி சத்தம் போட்டது. நான் கொட்டாவி விட்டேன், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தேன், அப்புறம்தான் வந்தது. ஒன்பது நொடி. சின்னவளுடையதில் ட்ரேயிலிருந்து கையை எடுத்துக்கொண்டிருக்கிறேன், அதற்குள் ஃபைல் வந்து உட்கார்ந்திருக்கிறது. மூன்று நொடி. கேன்டீன்காரருடைய பாட்டு சிடியை முழுக்கப் படித்து முடிப்பதில் மட்டும் ஐம்பத்திரண்டின் டிரைவ் முந்தியது, அதுவும் ஒரு மயிரிழை.

சும்மா சொல்லக்கூடாது, கில்லாடி. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள் மாதிரி இருந்துகொண்டு என்ன வேலை பண்ணியிருக்கிறாள்! எல்லாரும் பெரிய எண்ணைத் துரத்திக்கொண்டு ஓடும்போது, ஒருத்தி மட்டும் நின்று சிடியைத் திருப்பிப் பார்த்திருக்கிறாள். என் வீட்டில், என் அடுப்படியில் இருந்திருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

இதை ரிப்போர்ட்டில் எழுதலாமா? எழுதினால், ஓரகத்தி தேறாததும் டெஸ்ட்டையே மாற்றிவிட்டாள் என்பார்கள். எழுதாவிட்டால் உண்மை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டவள் ஆவேன். அவள் போகக்கூடாது என்று எனக்கு ஆசை இருக்கிறது, அதுவும் நிஜம். அந்த ஆசைதான் எழுதச் சொல்கிறதா?

பஸ்ஸிலேயே கேட்டேன். "வேண்டாம்க்கா. உங்க பேரு கெட்டுடும். அஞ்சு காசு பெறாத பேச்செல்லாம் வரும்."

"உனக்காகன்னு யாருடி சொன்னா? அந்த வாட்ச்மேன் பொண்ணுக்காக எழுதறேன்."

பக்கத்து சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தார். சின்னவள் முதல் தடவையாகச் சத்தமாகச் சிரித்தாள்.

மார்ச் 12, புதன்

எழுதவில்லை. அதைவிட நல்ல யோசனை ஒன்று வந்தது. ஸ்டாப்வாட்சைக் கொண்டுபோய் ஐம்பத்திரண்டு கையிலேயே கொடுத்தேன். "நான் அளந்தா வீட்டுக்காரி அளந்ததுன்னு ஆயிடும். நீங்க அளங்க. என்ன வருதோ அதை நீங்களே எழுதிக் குடுங்க. ஒண்ணும் இல்லைன்னா கிழிச்சுப் போடுங்க."

முறைத்தார். ஆனால் உட்கார்ந்தார். முதலில் என் சிடிகளில் ஏதோ தில்லுமுல்லு என்று நினைத்துத் தன் மேஜை டிராயரைக் கவிழ்த்துச் சொந்த சிடிகளைப் போட்டுப் பார்த்தார். மத்தியானம் சாப்பிடக்கூடப் போகவில்லை. சாயங்காலம் எழுந்து நேராகச் சின்னவள் சீட்டுக்குப் போனார். சண்டைதான் போடப் போகிறார் என்று நினைத்தேன். பின்னாலேயே ஓடினேன்.

"ஏங்க, சுத்த ஆரம்பிக்கும்போதே எப்படிங்க படிக்க வெச்சீங்க? நான் ஒரு வருஷம் முட்டி மோதிட்டு முடியாதுன்னு விட்டுட்டேன்" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவள் சொல்லச் சொல்லப் பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி குறித்துக்கொண்டார். இவரையா நான் தலைக்கனம் பிடித்த ஆள் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்?

மார்ச் 14, வெள்ளி

மேனேஜர் அறையில் கூட்டம். ஐம்பத்திரண்டே எழுந்து நின்று, தன்னுடையதை எடுத்துவிட்டு அவளுடையதைப் போடுங்கள் என்றார். மேனேஜர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பெட்டி மேல நாற்பத்தெட்டுன்னு போட்டா கடையில பக்கத்துல ஐம்பத்திரண்டு வெச்சிருக்கறவன் சிரிப்பான்யா."

"அந்த ஐம்பத்திரண்டு நான்தான் சார். நான் சிரிக்கலை."

கொல்லென்று எல்லாரும் சிரித்துவிட்டோம். மேனேஜரும்தான். ஆனால் முடிவு திங்கட்கிழமை என்று சொல்லிவிட்டார்.

மார்ச் 16, ஞாயிறு

கொழுந்தன் போன். ஃபெயில் என்று இவர் முன்பே சொல்லியிருந்தாராம், அவன் அவளுக்கு டிக்கெட்டே போட்டுவிட்டான். அவள் கட்டில் மேல் பெட்டியைத் திறந்து வைத்துத் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். மடிப்பில் ஒரு சுருக்கம் கிடையாது. அழுதாலாவது சமாதானம் சொல்லலாம். நான்தான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 17, திங்கள்

அவளுடையதுதான் போகிறது! பெட்டி மேல் நாற்பத்தெட்டு. மேனேஜர் சனிக்கிழமை இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தாராம். "எங்க வீட்டம்மா ஒண்ணைக் கையில எடுத்து, இதை இங்கயே விட்டுட்டுப் போங்கன்னுட்டாங்க. எதுன்னு சொல்லவும் வேணுமா?" என்றார்.

ஆபீஸ் வாசலிலேயே அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் அவள் புருஷனுக்கு போன் பண்ணினாள். நான் அடுப்படியிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம்தான் பேச்சு. ரிசீவரை வைத்துவிட்டு வந்தாள்.

"என்ன சொன்னான்?"

"அந்த டப்பாதான் உனக்கு முக்கியம்னா அதுகூடவே இருந்துக்கோன்னாருக்கா."

ஏழு கழுதை வயசாகுது, பேசற பேச்சா இது! பேச்சு வார்த்தைன்னு ஒண்ணு பேசினாங்கல்ல? தேறினா இருப்பேன்னு சொன்னாள்ல? இவ ஜெயிக்க மாட்டாள்னு நம்பித்தானே அவன் ஒத்துக்கிட்டான்!

ஏப்ரல் 9, புதன்

கொழுந்தன் அவளோடு பேசுவதில்லை. இவருக்கு போன் பண்ணுகிறான், வைத்துவிடுகிறான்.

மே 20, செவ்வாய்

தொழிற்சாலையிலிருந்து முதல் லாரி கிளம்பியது. சின்னவள் பார்க்க வரவில்லை. அடுத்த டிரைவில் மூன்று நொடியை இரண்டாக்க முடியுமா என்று ஐம்பத்திரண்டோடு உட்கார்ந்திருந்தாள். புருஷன் பேசாத துக்கம் முகத்தில் அப்பிக்கிடக்கிறது. வேலையில் அது ஒரு எழுத்தில்கூட இறங்கவில்லை. எனக்கெல்லாம் இவரோடு சின்னச் சண்டை வந்தாலே அன்றைக்குச் சோதிக்கிற டிரைவ் அத்தனையும் ஃபெயில்தான்.

ஜூலை 2, புதன்

இன்றும் அவன் போன் பண்ணவில்லை. பெட்டி இன்னும் பரண் ஏறாமல் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் போன். நான்தான் எடுத்தேன். கொழுந்தன்.

"அண்ணி, எங்க ஆபீஸுக்குத் தினமும் கட்டட வரைபடம் சிடியிலதான் வரும். ஆறு கம்ப்யூட்டர் இருக்கு. ஆனா எல்லாரும் மூலையில இருக்கற புது மிஷினுக்குத்தான் வரிசையில நிக்கறாங்க. கேட்டா, இதுலதான் சார் போட்டவுடனே வருதுங்கறாங்க. நானும் ஒரு மாசமா வரிசையில நின்னிருக்கேன் அண்ணி. நேத்துதான் முன்பக்கத்துல இருந்த கம்பெனி பேரைக் கவனிச்சேன்."

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"டிரைவைக் கழட்டிப் பார்த்தேன். அவ பேரு எங்கயுமே இல்லையே அண்ணி."

"போட மாட்டாங்க தம்பி. யாரு பேரும் போட மாட்டாங்க."

பிறகு மெதுவாக, "அங்க ஏதாவது கட்டட கம்பெனியில ஆள் எடுக்கறாங்களான்னு அண்ணனைக் கொஞ்சம் விசாரிக்கச் சொல்றீங்களா?" என்றான். "அவ இருக்காளா?"

பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ரிசீவரை வாங்கினாள். அவன் என்ன சொன்னானோ, கேட்டுக்கொண்டே இருந்தாள். கண்ணிலிருந்து தாரைதாரையாகக் கொட்டியது, துடைக்கவே இல்லை. ஐந்து மாதம் கழித்துப் புருஷனிடம் பேசுகிறவள் முதலில் என்ன கேட்பாள்?

"மூடினதிலேருந்து ஃபைல் வர எத்தனை நொடிங்க ஆச்சு?" என்றாள்.

அவன் ஏதோ சொன்னான்.

"நாலா? நாலு வரக்கூடாதே. என்ன சிடிங்க அது? வரும்போது கையோட எடுத்துட்டு வாங்க."

நான் அடுப்பை அணைத்துவிட்டு, பேப்பர் படித்துக்கொண்டிருந்த இவரைக் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.