உங்கப்பா பறித்து வரும் காளான்

மந்தாரக்குப்பம்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள விஜயராஜுக்கு அம்மா எழுதுவது. நீயும் நந்தினியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் சுகமாக இல்லை, காரணம் உங்கப்பா. போனில் சொல்லலாமென்றால் ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒரு கோடை மழை பெய்தது. அவ்வளவுதான், முத்தாண்டிக்குப்பம் முந்திரிக்காட்டு மணலில் காளான் பறிக்கக் கிளம்பிவிட்டார். மைன்ஸில் முப்பது வருஷம் நைட் ஷிஃப்ட் பார்த்த கண்ணாம், அதற்கு ஒன்றும் ஆகாதாம். பஸ் போர்டில் என்ன ஊர் என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டு ஏறுகிற மனுஷன்! வருஷா வருஷம் அதே இடத்தில் முளைப்பது அதே காளான்தான் என்று சாதிக்கிறார். பார்த்தா பறிக்கிறார்? தடவிப் பறிக்கிறார்.

முதல் நாள் வெட்டிப் பார்த்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டியது, பாதி கறுத்துப் பொடியாய்க் கொட்டியது. மீதியில் எது விஷமோ, யார் கண்டது? சண்டை போடத் தெம்பில்லை. எல்லாவற்றையும் கொல்லையில் புதைத்துவிட்டு, கடையில் டப்பாக் காளான் வாங்கிக் குழம்பு வைத்தேன். சப்புக்கொட்டிச் சாப்பிட்டுவிட்டு, காட்டுக் காளான் ருசியே தனி என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கரண்டியாலேயே ஒன்று போட்டிருப்பேன். மூன்று வாரமாக இதே கூத்து.

இன்று கடையில் காளான் இல்லை. பொறுமை போய், கூடையை அவர் முன்னாலேயே குப்பையில் கொட்டி, உண்மையைச் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று பார்த்தால், வெறும் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே, எனக்கு மொத நாளே தெரியும் கனகம், பல்லுல மணலே நறநறங்கலியே என்கிறார். பின்னே எதுக்குங்க வெயில்ல அலையறீங்க என்று கேட்டேன். போவலன்னா கண்ணு போயிட்டதா ஆயிடுமில்ல என்றார்.

கண்ணில் புரை, ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்று டாக்டர் சொல்லி ஆறு மாசம் ஆகிறது. இவருக்குப் பயம். அதை ஒத்துக்கொள்ள ரோஷம் விடவில்லை. என் பேச்சு எடுபடாது, நீதான் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். லீவு இல்லை என்ற கதையெல்லாம் வேண்டாம்.

நீ வந்து வாசலில் நின்றால், யாருங்க என்று கேட்பார். முகம் சுளிக்காமல் உன் பேரைச் சொல்லப்பா. நல்லா இரு.

உன் அம்மா,
கனகம்